சிகாகோ பிளான்: பதினாலு இடம், ஒரு பாலம்

முதலில் ஒரு வாக்குமூலம். போன மே மாசம் சிகாகோவுக்கு நான் போட்ட பிளான் ஒரு எக்ஸெல் ஷீட். மூணு நாள், பதினாலு இடம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் என்ற கணக்கு, கலர் கோடிங் எல்லாம் உண்டு. மினி ப்ராஜெக்ட்டுக்குக்கூட நான் அவ்வளவு உழைத்ததில்லை. அந்த ஷீட் முதல் நாள் மதியம் ரெண்டு மணிக்கு, ஒரு ரயில் ஸ்டேஷன் படிக்கட்டின் நடுவில், அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நிமிஷத்தில் செத்துப் போச்சு.

அதனால் இது "சிகாகோவில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" வகைக் கட்டுரை இல்லை. அது உங்களுக்கு எங்கேயும் கிடைக்கும். நம்ம காலேஜிலிருந்து வருஷா வருஷம் சிலர் எம்.எஸ். படிக்க இல்லினாய், இந்தியானா, விஸ்கான்சின் பக்கம் போறாங்க. பெரும்பாலானவங்களுக்கு வாசல் சிகாகோவின் ஓஹேர் ஏர்போர்ட்தான். ரெண்டு வருஷம் கழிச்சு பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா அம்மா வருவாங்க. அப்போ யாராவது ஒருத்தர் தலையில் "நீ பிளான் போடு" என்று விழும். எங்க வீட்டில் அது என் தலையில் விழுந்தது.

அக்கா அர்பானா-ஷாம்பெயினில் எம்.எஸ். முடித்தாள். விழா சனிக்கிழமை. அந்த ஊர் சிகாகோவுக்குத் தெற்கே ரயிலில் மூணு மணி நேரத் தொலைவு. செவ்வாய் முதல் வியாழன் வரை சிகாகோ, அப்புறம் அங்கே என்று ஏற்பாடு. நான் ஷீட்டை அப்பாவிடம் காட்டினப்போ அவர் முழுசாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஷெர்சர் பாலம் இதுல எங்கடா?"

"அது பாம்பன்ல இருக்குப்பா" என்றேன். அவர் ஒண்ணும் சொல்லலை. நானும் அதோட விட்டுட்டேன். அந்தத் தப்புக்கு அப்புறம் வர்றேன்.

ஏரி எந்தப் பக்கம்?

ஊரைப் புரிஞ்சுக்க முதலில் ரெண்டு விஷயம் போதும். ஒண்ணு, ஏரி எப்பவும் கிழக்கே. மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில்தான் சிகாகோ இருக்கு. ரெண்டு, ஊர் முழுக்க ஒரு கிராஃப் பேப்பர்.

இது சும்மா உவமை இல்லை. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் முனைதான் ஆதிப்புள்ளி, நம்ம கணக்கில் (0,0). அங்கிருந்து வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று கதவு எண்கள் ஏறும். 800 எண் போனால் ஒரு மைல். 1909 இல் கொண்டுவந்த முறை இது. ஆக, ஒரு கடையின் முகவரி "6400 வடக்கு" என்றால் மேப்பைத் திறக்காமலே சொல்லலாம்: மேடிசன் தெருவிலிருந்து எட்டு மைல், சுமார் 13 கிலோமீட்டர். தெற்கே முதல் மூணு மைலில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் உதைக்கும். மற்றபடி முகவரியே கோஆர்டினேட்.

இதனால் பிளான் போடும்போது என்ன லாபம்? போக வேண்டிய இடங்களின் முகவரியை மட்டும் எழுதி வரிசைப்படுத்துங்க. எது எதோடு பக்கம் என்று அதுவே சொல்லிடும். நான் இதைச் செய்யாமல் "ரேட்டிங்" பார்த்து வரிசைப்படுத்தினேன். காலையில் வடக்கே, மதியம் தெற்கே, சாயங்காலம் மறுபடி வடக்கே. அம்மா முழங்காலுக்கு அந்த ஷீட்டில் காலம் இல்லை.

ஓஹேரிலிருந்து டவுன்டவுனுக்கு டாக்ஸி தேவையில்லை. ப்ளூ லைன் ரயில் ஏர்போர்ட்டுக்குள்ளேயே கிளம்புது, முக்கால் மணி நேரம், ராத்திரி பூரா ஓடும். ஏர்போர்ட்டில் ஏறினால் மட்டும் 5 டாலர், மற்ற ஸ்டேஷன்களில் கிட்டத்தட்ட அதில் பாதி. மிட்வே ஏர்போர்ட் என்றால் ஆரஞ்சு லைன். வென்ட்ரா கார்டு ஒண்ணு வாங்கி, தங்கும் நாளுக்கு ஏற்ற பாஸ் போட்டுக்கிட்டா பஸ், ரயில் ரெண்டுக்கும் ஆகும்.

ரயிலை அங்கே "எல்" என்பார்கள், எலிவேட்டட் என்பதன் சுருக்கம். டவுன்டவுனில் தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் ஒரு சதுர வளையம் சுத்தி வரும். 1897 இல் முடிந்த வளையம், அதனால்தான் அந்த ஏரியாவுக்கே லூப் என்று பேர். பழசு என்பதால் அழகு. பழசு என்பதாலேயே எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் கிடையாது. ரூட் மேப்பில் எந்த ஸ்டேஷன் பக்கத்தில் வீல்சேர் குறி இருக்கு என்று முன்னாடியே பார்த்துக்கோங்க. கூட வயசானவங்க வந்தால் இதுதான் முதல் வேலை, ஹோட்டல் புக்கிங்குக்கும் முன்னாடி. நான் பார்க்கவில்லை. நாற்பது ஐம்பது படி இருக்கும். அம்மா நடுவில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றாள். ஒன்பதாயிரம் மைல் வந்து படிக்கட்டில் இருக்கேன் என்கிற அம்மாவிடம் கலர் கோடிங்கைக் காட்டி என்ன செய்ய?

அன்னிக்கு ராத்திரி ஹோட்டலில் ஷீட்டை மூடிட்டு ஒரு காகிதத்தில் மூணு பேர் பேரை எழுதினேன். ஒவ்வொருத்தருக்கும் நிஜமாகவே வேணும்கிறது என்ன? அம்மா: உட்கார்ந்து தண்ணியைப் பார்க்கணும். நான்: ஒரு உயரமான கட்டடம். அப்பா: பாலம். அவ்வளவுதான். நாளுக்கு ஒண்ணு. மிச்சமெல்லாம் வழியில் கிடைத்தால் கிடைக்கட்டும்.

காசு, குளிர், சாப்பாடு

சீக்கிரம் சொல்லிடறேன். விசாவுக்கு சென்னையில் இன்டர்வியூ தேதி கிடைக்க மாசக்கணக்கில் ஆகலாம். அதனால் விழா தேதி தெரிஞ்ச அன்னிக்கே ஆரம்பிங்க. சென்னையிலிருந்து சிகாகோவுக்கு நேர் விமானம் இல்லை. அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்க இமிக்ரேஷன் அங்கேயே முடிஞ்சிடும், சிகாகோவில் உள்நாட்டுப் பயணி மாதிரி இறங்கலாம். அப்பா அம்மா தனியாக வருவதென்றால் இது பெரிய நிம்மதி.

ஹோட்டல் விலையைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க. வரி மட்டும் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் மெனுவில் 20 டாலர் என்றால் வரி, டிப்ஸ் எல்லாம் சேர்ந்து கையிலிருந்து 26 போகும். மியூசியங்களில் "இலவச நாள்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அக்கா மட்டும் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போய், நாம் வெளியே நிற்பது நல்லா இருக்காது. மில்லெனியம் பார்க், ஆற்றங்கரை நடைபாதை, லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலை, பெரிய கண்ணாடிக் குவிமாடம் உள்ள கல்ச்சுரல் சென்டர் இதெல்லாம் யாருக்கும் இலவசம்.

ஜனவரியில் பகலிலேயே தண்ணி உறையும் குளிர். மே மாசம் நல்ல மாசம்தான், ஆனால் ஏரித் தண்ணி அப்பவும் ஜில்லுனு இருக்கும். காற்று அங்கிருந்து திரும்பினால், ஊருக்குள் டி-ஷர்ட் வெயில் அடிக்கும் அதே நேரத்தில் கரையில் ஸ்வெட்டர் வேணும். பையில் ஒண்ணு எப்பவும் இருக்கட்டும்.

டீப் டிஷ் பீட்சா அந்த ஊர் ஸ்பெஷல். வேக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பசிக்கு முன்னாடியே ஆர்டர் பண்ணுங்க. தக்காளி சாஸ் மேலே, சீஸ் உள்ளே. அம்மா ஒரு வாய் சாப்பிட்டு, "அடைக்குள்ள தக்காளித் தொக்கு ஊத்தியிருக்கான்" என்றாள். திட்டு இல்லை, பாராட்டுதான். ரெண்டாவது துண்டும் கேட்டாள். நம்ம சாப்பாடு வேணும்னா டெவான் அவென்யூ. அதுதான் மேலே சொன்ன 6400 வடக்கு. அரிசி, பருப்பு, புடவை, ஸ்வீட் எல்லாம் ஒரே தெருவில்.

அம்மாவின் ஏரி

நாங்க மண்டபத்துக்காரங்க. வீட்டிலிருந்து நடந்தால் கடல். ஆனால் எங்க ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல தண்ணிக்கு எப்பவும் குடத்தோடு அலைச்சல்தான். "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்" என்று சினிமாவில் மிரட்டுவது எங்க ஊரைத்தான். அம்மா வாழ்க்கையில் பாதி தண்ணிக்காகக் காத்திருந்ததில் போயிருக்கும்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் ஆட்லர் கோளரங்கம் இருக்கும் முனைக்கு பஸ்ஸில் போனோம். கரையில் பெரிய பெரிய படிகள், உட்கார வசதி, ஊரின் மொத்த உயரமும் எதிரே தெரியும். டிக்கெட் கிடையாது. சிகாகோவில் ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கு என்றால் இங்கே போங்க என்பேன்.

மிச்சிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும். அம்மா குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை. "இவ்வளவும் குடிக்கிற தண்ணியா?" என்று கேட்டாள். ஆமா, ஊருக்கே இதிலிருந்துதான் தண்ணி. தூரத்தில் கப்பல் மாதிரி தெரிஞ்ச கட்டடத்தைக் காட்டினேன். அங்கிருந்து தண்ணியை உறிஞ்சி ஏரிக்கு அடியில் சுரங்கம் வழியாக ஊருக்குக் கொண்டு வர்றாங்க. ஏன் கரையிலேயே எடுக்கலை? ஏன்னா ஒரு காலத்தில் ஊரின் சாக்கடை முழுக்க சிகாகோ ஆற்றில் கலந்து, ஆறு ஏரியில் கலந்து, அதே ஏரித் தண்ணியை ஊர் குடித்தது.

கடைசியில் அவர்கள் செய்ததுதான் சிவில் ஆளுங்களுக்கு விருந்து. ஆற்றையே திருப்பிட்டாங்க. 45 கிலோமீட்டர் கால்வாய் ஒண்ணு வெட்டி, 1900 ஜனவரியில் திறந்தார்கள். ஏரிக்குள் ஓடின ஆறு, ஏரியிலிருந்து வெளியே ஓட ஆரம்பிச்சது. சாக்கடை மிசிசிப்பி பக்கம் போச்சு. கீழே இருந்த மிசூரி மாநிலம் சும்மா இருக்குமா? கேஸ் போட்டுச்சு. தண்ணி விஷயத்தில் மேலே இருப்பவன், கீழே இருப்பவன் கதை எல்லா ஊரிலும் ஒண்ணுதான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஆத்தைத் திருப்பத் தெரிஞ்சவனுக்கு அந்த ஸ்டேஷன்ல ஒரு லிஃப்ட் வைக்கத் தெரியலையா?" என்றாள்.

கட்டடம் எத்தனை பார்க்கணும்?

ஒண்ணு. உயரத்துக்கு டிக்கெட் வாங்கறது ஒரு தடவை போதும். வில்லிஸ் டவரின் 103ஆவது மாடியா, பழைய ஜான் ஹேன்காக் கட்டடத்தின் 94ஆவது மாடியா என்பது உங்க இஷ்டம். ரெண்டுக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரே ஆள்: டாக்காவில் 1929 இல் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான்.

கட்டடம் உயர உயர அதன் எடையைவிடக் காற்றுதான் எதிரி. உள்ளே தூண்களை நிரப்பிக்கிட்டே போனால் இரும்புச் செலவு தாங்காது. கான் சொன்ன வழி: வெளிச்சுவரையே கட்டடத்தின் எலும்பாக்கு. மூங்கில் உள்ளே காலி, ஆனால் காற்றில் ஒடியாது. அதே மாதிரி கட்டடமே ஒரு குழாய். ஹேன்காக்கில் அந்தக் குழாயைப் பெரிய எக்ஸ் வடிவ இரும்புகளால் கட்டினார், வெளியிலேயே தெரியும். வில்லிஸ் டவரில் ஒன்பது சதுரக் குழாய்களை ஒரு கட்டாகச் சேர்த்து, சிலதைப் பாதியிலேயே நிறுத்தி, ரெண்டை மட்டும் உச்சி வரை விட்டார். கரும்புக் கட்டை ஒரே உயரத்தில் வெட்டாமல் விட்ட மாதிரி. 110 மாடி, 442 மீட்டர். 1998 வரை உலகிலேயே உயரம். புக்கில் டியூபுலர் ஸ்ட்ரக்சர் என்று ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்தது கீழே நின்று அண்ணாந்து பார்த்தப்போதான் தலைக்குள் போச்சு. மேலே போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பது போட்டோவுக்கு நல்லா இருக்கும். அம்மா நிற்கவில்லை. "கட்டினவன் மேல நம்பிக்கை இருக்கு, என் கால் மேலதான் இல்லை."

ஆர்ட் இன்ஸ்டிடியூட் வாசலில் சிங்கச் சிலைகள் பக்கம் ஒரு நிமிஷம் நின்றோம். 1893 இல் விவேகானந்தர் பேசின சர்வமத மாநாடு இந்தக் கட்டடத்தில்தான் நடந்தது. அந்த மண்டபம் இப்போ இல்லை, கட்டடம் இருக்கு. அவர் பயணத்துக்கு உதவியவர்களில் எங்க ராமநாதபுரம் சேதுபதி ஒருத்தர். திரும்பி வந்து 1897 இல் இந்திய மண்ணில் கால் வைத்தது பாம்பனில். அப்பா இதைச் சொல்லி முடித்துவிட்டு, "சரி, பாலம் எப்போ?" என்றார்.

அப்பாவின் பாலம்

எங்க தாத்தா ரயில்வேயில் இருந்தார். பாம்பன் தூக்குப் பாலத்தில் கப்பல் வந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து லீவரைத் தள்ளிச் சுத்தி, கையாலேயே பாலத்தைத் தூக்குவாங்க. அந்த ஆட்களில் ஒருத்தர். 1914 இல் திறந்த பாலம். 1964 புயலில் பாலத்தின் பெரும்பகுதி கடலோடு போனப்பவும் அந்தத் தூக்குப் பகுதி நின்னுச்சு. தாத்தா அதைப் பாலம் என்றே சொல்ல மாட்டார். "ஷெர்சரைத் தூக்கணும்", "ஷெர்சருக்கு இன்னிக்கு எண்ணெய் போட்டாச்சு" என்பாராம். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்னுபோச்சு. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாச்சு, அது லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்பும் வகை.

ஷெர்சர் ஒரு ஆள் பேர் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, மெக்கானிக்கல் படிச்சும். வில்லியம் ஷெர்சர், சிகாகோ இன்ஜினியர். தூக்குப் பாலத்தை ஒரு அச்சில் மாட்டித் தூக்காமல், அதன் பின்பக்கத்தை ஆடும் நாற்காலியின் அடிக்கட்டை மாதிரி வளைவாகச் செய்து, தண்டவாளம் மேல் பின்னால் உருள வைத்தால் என்ன என்பது அவர் யோசனை. பின்னால் எடைக்கு எடை கட்டியிருப்பதால் தூக்கப் பெரிய பலம் வேண்டாம், உராய்வை வென்றால் போதும். பத்துப் பேர் கை போதுமானதற்குக் காரணம் அதுதான். 1893 இல் காப்புரிமை வந்தப்போ அவர் உயிரோடு இல்லை. அவர் சகோதரர் ஆல்பர்ட் கம்பெனியை நடத்தினார். அந்த டிசைன் சிகாகோவிலிருந்து உலகம் பூரா போய், ஒண்ணு எங்க ஊர்க் கடலில் நின்னுச்சு.

இவ்வளவையும் நான் தேடித் தெரிஞ்சுக்கிட்டது அந்தச் செவ்வாய் ராத்திரிதான். அப்பா கேட்ட அன்னிக்கே தேடியிருந்தால் மொத்தப் பயணத்தையும் இதைச் சுத்தி அமைச்சிருக்கலாம்.

அதிர்ஷ்டம் எங்க பக்கம் இருந்தது. குளிர்காலத்தில் பாய்மரப் படகுகளை ஆற்றின் உள்பக்கம் இருக்கும் படகுத்துறைகளில் நிறுத்தி வைப்பாங்க. வசந்தத்தில் அவை ஏரிக்குப் போகும், இலையுதிர் காலத்தில் திரும்பும். அந்த மாசங்களில் பெரும்பாலும் புதன், சனி காலையில் டவுன்டவுன் பாலங்களை ஒண்ணொண்ணாகத் தூக்குவாங்க. மறுநாள் புதன். உங்க தேதியை நீங்க தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இந்த ஒரு விஷயத்தை வைத்துத் தேர்ந்தெடுங்க. மே, ஜூன் அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். நகராட்சி அறிவிப்பைப் பார்த்து நாளை உறுதி பண்ணிக்கோங்க.

வெல்ஸ் தெருப் பாலம் பக்கம் ஆற்றங்கரையில் நின்றோம். ரெண்டு அடுக்குப் பாலம், மேலே எல் ரயில், கீழே கார். மணி அடிச்சுது, கார் நின்னுச்சு, மேலே ரயிலும் காத்திருந்தது. தெருவே ரெண்டாகப் பிளந்து, தார் ரோடு, நடைபாதை, விளக்குக் கம்பம், தண்டவாளம் எல்லாத்தோடும் மெதுவாக எழும்பி வானத்தைப் பார்த்து நின்னுச்சு. நடுவில் ஏழெட்டுப் படகு. அப்பா படகைப் பார்க்கவில்லை, பாலத்தின் அடியைப் பார்த்தார். "இது ஷெர்சர் இல்லடா. இது அச்சுல சுத்துது" என்றார். சரிதான். சிகாகோ பின்னாடி தன் பாலங்களுக்கு வேற முறைக்கு மாறிடுச்சு. உருளுவதில்லை, நிலையான அச்சில் சுழலும். எதிர் எடை தெருவுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கும். ஆற்றில் வரிசையாக நிற்பது எல்லாம் கிட்டத்தட்ட அந்த வகைதான்.

நிஜ ஷெர்சர் வேணும் என்றால் செர்மாக் ரோடு பாலத்துக்குப் போகணும். 1906 இல் கட்டினது, ஊருக்குள் ரோட்டுக்கு மிஞ்சியிருக்கும் அந்த வகைப் பாலம் அது ஒண்ணுதான். ரெட் லைனில் செர்மாக்-சைனாடவுன் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே போற 21ஆம் நம்பர் பஸ். எந்த டூரிஸ்ட் லிஸ்ட்டிலும் கிடையாது. சுத்தி குடோன், லாரி, துரு. வியாழன் காலையில் போனோம். அது திறக்கவில்லை, சாதாரண ரோடு மாதிரி வண்டி போய்க்கிட்டு இருந்தது.

அம்மா லெமன் சாத டப்பாவோடு ஒரு சிமென்ட் திட்டில் உட்கார்ந்தாள். அப்பா ஓரமாகப் போய், உருளும் வளைவு தெரியுற இடத்தில் குனிஞ்சு பார்த்தார். ரிவெட் வரிசையில் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் திரும்பி, "இதை எத்தனை பேர் சுத்துவாங்க?" என்றார்.

"மோட்டார்ப்பா."

"அப்பவேவா?"

"தெரியலப்பா."

அவர் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் காலடியால் அளந்து நடந்தார். எண்ணிக்கை தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து நடந்தார். 21 வந்தது. அடுத்த பஸ்ஸில் போலாம்னார்.